ஏரியின் மதகும் எழுதிய விதியும்

2015ஆம் வருஷம் டிசம்பர் 1ஆந் தேதி இரவு சென்னை நகரத்து ஜனங்கள் பட்ட பாட்டை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் அடையாற்றில் விடப்பட்டது. நான்கு வருஷங்கள் செல்வதற்குள், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளத்திற்கு அஞ்சி ஜலத்தை முன்னரே விட்டால் வறட்சி. வறட்சிக்கு அஞ்சித் தேக்கினால் வெள்ளம். இவ்விரண்டு அச்சங்களுக்கும் நடுவே மதகின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் உத்தியோகஸ்தர்.

2018இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கைத் தலைவரின் அறிக்கை, செம்பரம்பாக்கத்தில் ஜலம் திறந்துவிட்ட முறையைக் கண்டித்தது. மழை எதிர்பாராதது என்பது சர்க்கார் தரப்பு வாதம். அடையாற்று வெள்ளம் முழுவதும் அவ்வேரியிலிருந்தே வந்ததன்று என்பதும் மெய்யே. குற்றவாளி யார் என்று தீர்ப்புக் கூறுவது இன்று நமது நோக்கமன்று. இனி மதகைத் திறப்பது எந்த விதியின்படி என்பதே நமது கேள்வி.

பாக்கு நகரில் பிறந்து, அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த லோத்ஃபி ஸாதே என்பார் 1965இல் ஒரு கணிதக் கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே ‘ஃபஸி லாஜிக்’ என்னும் சாஸ்திரம். தமிழில் மங்கல் தர்க்கம் எனலாம். பழைய தர்க்கத்தில் ஒன்று உண்டு, அல்லது இல்லை. புதிய தர்க்கமோ, “எவ்வளவு உண்டு?” என்று கேட்கிறது. ஜப்பானில் 1987இல் திறந்த ஸெண்டாய் பாதாள ரயில் இம்முறையைக் கொண்டே ஓட்டப்படலாயிற்று. நீர்த்தேக்கங்களை நிர்வகிப்பதற்கும் இது பல தேசங்களில் ஆராயப்பட்டிருக்கிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 24 அடி. 18 அடியில் ‘நிறைவு’ பூஜ்யம், 24 அடியில் ஒன்று என வைத்தால், 21 அடியில் அது அரை. வரப்போவது கனமழை என்பதற்குப் பத்தில் ஏழு பங்கும், சிறுமழை என்பதற்கு மூன்று பங்கும் இடமிருப்பதாகக் கொள்வோம். “ஏரி நிறைந்து, கனமழை வருமாயின் 5,000 கன அடி விடுக” என்பது ஒரு விதி. “ஏரி நிறைந்து, சிறுமழை வருமாயின் 1,000 கன அடி விடுக” என்பது மற்றொன்று. ஒவ்வொரு விதியிலும் இரண்டு நிபந்தனைகளில் குறைந்ததே அவ்விதியின் பலம். ஆகவே முதல் விதிக்குப் பத்தில் ஐந்து, இரண்டாவதற்கு மூன்று. இப்பலங்களின்படி சராசரி கண்டால் விநாடிக்கு 3,500 கன அடி என்று விடை வருகிறது. எண்கள் நாம் விளக்கத்திற்காகக் கொண்டவை, வழி மெய்யானது. மட்டம் ஓரங்குலம் ஏறினால் விடையும் சிறிதே ஏறும். குறித்த கோட்டைத் தாண்டும்வரை சும்மாயிருந்து, தாண்டியதும் பதறும் நிலை இல்லை.

இம்முறை மழையை முன்னறிந்து சொல்லாது. விதிகள் பிழையாயின் விடையும் பிழையே. அப்படியாயின் இதனால் லாபமென்ன? விதிகள் எண்களின் காட்டில் மறைந்து கிடவாமல், சாதாரண வார்த்தைகளில் நிற்கின்றன, அதுவே லாபம். ஏரிப் பாசனத்தில் நரைத்த குடியானவரும் அவற்றைப் படித்துத் தவறு காட்டலாம். நியாயாதிபதி தீர்ப்போடு காரணமும் எழுதக் கடமைப்பட்டவர். ஒரு நகரத்தின் உயிரைக் கையில் வைத்திருக்கும் மதகுக்கு மட்டும் அக்கடமை இல்லையா?

சென்னை மேயராயிருந்த ஸ்ரீ சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்திற்காகப் பாடுபட்டார். 1944இல் அது முடிவதைக் காண அவர் உயிரோடில்லை. ஜனங்களுக்காகக் கட்டிய தேக்கத்தின் விதியை ஜனங்கள் அறியலாகாதென்பது எந்த நியாயம்? சென்னைக்கு ஜலம் தரும் ஒவ்வோர் ஏரிக்கும் இத்தகைய விதிகளைத் தமிழில் எழுதி, மழைக்காலத்திற்கு முன் சர்க்கார் வெளியிட வேண்டும். மதகு திறக்கும்போது, எந்த விதியின்படி எவ்வளவு என்பதையும் அறிவிக்க வேண்டும். கரையோரத்துக் குடிசைவாசி அதை வெள்ளம் வந்து தெரிந்துகொள்ளும்படி இனியும் விடலாகாது.