உப்பு, திராவகம், க்ஷாரம்: இனமறிந்து கலக்க வேண்டிய பொருள்கள்

கிராமங்களில் ‘உப்பு’ என்னும் ஒரே சொல்லால் பல பொருள்கள் வழங்குகின்றன. கறியுப்பு, பேதியுப்பு, வெடியுப்பு என்பவற்றோடு, வயலுக்கிடும் இரசாயன எருவையும் உப்பென்றே கூறுவோர் உண்டு. பெயர் ஒன்றாயிருத்தலால் குணமும் ஒன்றெனக் கருதிக் கண்டதைக் கண்டதோடு கலப்பவருக்குப் பண நஷ்டமே மிஞ்சும். ஆகவே, சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இப்பொருள்களின் இனத்தை அறிந்திருத்தல் அவசியமாகும்.

மூலப்பொருள்கள் இரண்டோ பலவோ குறித்த அளவில் கூடி உண்டாவது கூட்டுப்பொருள். ஒரு பொருளின் பெயரே அதில் அடங்கியவற்றைத் தெரிவிக்க வேண்டுமென்னும் முறையை, 1787-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் அவருடைய நண்பர்கள் மூவரும் வகுத்தளித்தனர்.

இவ்வினங்களை விளக்கக் கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சல் ஒன்றே போதும். கிளிஞ்சல், கால்ஷியம் கார்பனேட் என்னும் உப்பு. அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்கி, உலோகமும் பிராணவாயுவும் கூடிய ஆக்ஸைடு எஞ்சும்; இதுவே சுட்ட சுண்ணாம்பு. இதில் நீர் தெளித்தால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பு க்ஷார இனத்தைச் சேர்ந்தது. சுவரிற் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கவர்ந்து மீண்டும் பழைய உப்பாகிறது.

க்ஷாரத்தை அறிய மஞ்சள் உதவும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவப்பதை யாவரும் அறிவர். இதற்கு எதிரான இனம் திராவகம், அதாவது அமிலம். புளி, எலுமிச்சை முதலியவற்றின் புளிப்புக்குக் காரணம் இதுவே. சிவந்த மஞ்சளின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பழைய நிறம் திரும்பும். திராவகமும் க்ஷாரமும் கூடினால் ஒன்றன் வலிமையை மற்றொன்று தணித்து, உப்பும் நீரும் உண்டாகும்.

உப்பினத்துள்ளும் பல பிரிவுகள் உள. முற்காலத்தில் உப்பளங்களுக்குப் பெயர்பெற்றிருந்த கோவளத்துக் கரையோருக்கு இது புதிதன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் முக்காற் பங்குக்குமேல் கறியுப்பு. பாத்தியில் நீர் வற்றுகையில் முதலில் ஜிப்சம் படியும். பாமே மானியில் சுமார் 25 டிகிரி காட்டும்போது கறியுப்பு விளையும். எஞ்சிய கசப்புநீரில் மக்னீஷிய உப்புகள் மிகுந்திருக்கும். அதை உரிய சமயத்தில் வடிக்காவிடில், உப்பு கசப்பதோடு ஈரத்தையும் இழுத்துக் கசியும்.

இனி வயலுக்கு வருவோம். அம்மோனியம் ஸல்பேட் என்னும் எரு ஓர் உப்பு. அதைச் சுண்ணாம்போடு கலந்தால், க்ஷாரமானது அதிலுள்ள அம்மோனியாவை வெளியேற்றிவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியே, பயிருக்குச் சேரவேண்டிய சத்து காற்றிற் போவதற்கு அடையாளம். யூரியாவோ உப்பன்று; அது கரியைக் கொண்ட அங்ககப் பொருள். 1828-இல் வோலர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை இரசாயன முறையில் செய்து காட்டினார். ஆயினும் மண்ணிற் சேர்ந்தபின் சில நாட்களில் அதுவும் அம்மோனியாவாக மாறுமாதலால், அதனையும் சுண்ணாம்போடு சேர்த்திடலாகாது. புளிப்பு நிலத்துக்குச் சுண்ணாம்பு வேண்டுமாயின், அதை முன்னதாக இட்டு, சில வாரங்கள் கழித்தே எருவிடுக.

களர்நிலத்தைத் திருத்தச் சுண்ணாம்பு இடுவதும் தவறு. அந்நிலத்தில் க்ஷாரம் ஏற்கெனவே மிகுந்துள்ளது. அதற்கு ஏற்றது ஜிப்சம். இரண்டிலும் கால்ஷியம் உண்டெனினும், ஒன்று க்ஷாரம், மற்றொன்று உப்பு. ஜிப்சத்தை இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்தால், தீங்கு செய்யும் சோடிய உப்பு கரைந்து நீங்கும்.

ஆதலின், சங்கக் கிடங்கில் மூட்டை வாங்குங்கால் அதன்மேல் எழுதிய பெயரை வாசித்து, இன்ன இனமென்று கேட்டறிக. சுண்ணாம்பையும் எருவையும் ஒரே இடத்தில் அடுக்காதிருப்பதும் நலம். காசு செலவின்றிக் கிடைக்கும் இவ்வறிவு, காசு கொடுத்து வாங்கிய எருவைக் காக்கும்.