பழைய வண்டி – 17: பெட்ரோல் வாசம் எப்போது அடிக்கிறது?

குண்டடத்தில் தாராபுரம் ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறை. வந்தவர் வீட்டிலேயே பவர்டேபிள் போட்டு பனியன் தைத்துக் கொடுப்பவர். வண்டி, இருபது வருஷம் தாண்டிய சின்ன பெட்ரோல் கார். "வாசம் தாங்க முடியலீங்க. ஆனா கீழ குனிஞ்சு பாத்தா ஒரு சொட்டு இல்லீங்க" என்றார். மெக்கானிக் போனட்டைக்கூடத் திறக்கவில்லை. "எப்பங்க அடிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். ஃபுல் டேங்க் போட்ட அன்றும் மறுநாளும் மட்டும் அடித்தால் கோளாறு டேங்கின் மேல்பாதியில் இருக்கிறது: மூடி, பெட்ரோல் ஊற்றும் கழுத்து, அதோடு ஓடும் மூச்சுக் குழாய். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்க்கும்போது அடித்தால், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் பக்கம் போக வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் உள்ளே அடிக்கிறதா? பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் டேங்க் மிதவையின் மூடி தெரியும். அதன் ரப்பர் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். எஞ்சின் ஓடும்போதே அடித்தால் மட்டும் விளையாடக் கூடாது. அது ஆவி அல்ல, பெட்ரோலே கசிகிறது என்று வைத்துக்கொண்டு வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நம்மவர் சொன்ன பதில் முதல் வகை. "ரொப்புன அன்னைக்குத்தானுங்க. ரெண்டு நாள் ஓட்டுனா போயிருது."

டேங்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா இருப்பதில்லை. சித்திரை வெயிலில் நின்றால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை வெளியே விடாமல், ஒரு குழாய் வழியாக கேனிஸ்டர் என்கிற கறுப்பு டப்பாவுக்கு அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கும் கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடேறி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும். எஞ்சின் இழுக்கும் இழுப்பில் வெளிக்காற்று கரி வழியாகப் போய், பிடித்து வைத்த ஆவியையும் சேர்த்து எரிக்கக் கொண்டுபோகும். பாரத் ஸ்டேஜ் விதிப்படி புது பெட்ரோல் காரை மூடிய அறையில் வைத்துச் சோதிக்கும்போது, மொத்தமாக 2 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறக் கூடாது. இருபது வருஷம் கழித்து அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை, மூக்குதான் கேட்கும்.

அமெரிக்காவில் 1996 முதல் வந்த கார்களில் கம்ப்யூட்டரே இந்தக் குழாய்களைச் சோதித்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "என் வண்டியில லைட்டே எரியலையே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இங்கே நிறைய. நம் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலையே கொடுக்கப்படவில்லை. விளக்கு எரியாததற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

கசியும் இடத்தைப் புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருந்தால் வேலை சுலபம். சின்னப் பட்டறையில் அதற்கு எங்கே போவது? இங்கே பார்த்த வழி எனக்குப் பிடித்திருந்தது. பனியன் வேஸ்ட்டில் வெள்ளைக் காட்டன் துண்டுகளாகப் பொறுக்கி, சந்தேகப்படும் ஒவ்வொரு மூட்டிலும் ஒன்றைச் சுற்றி, வண்டியை ராத்திரி ஷெட்டில் விட்டுவிட்டார்கள். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார்கள். பாலிஸ்டர் கலந்த துண்டு ஆகாது. உரசலில் பொறி வரலாம். ஷெட்டும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற அடியில் வாசம் நிற்கவே நிற்காது. ரோட்டோரம் குனிந்து முகர்ந்துவிட்டு "ஒண்ணுமில்லீங்க" என்று அனுப்பப்பட்ட வண்டிகள் எத்தனையோ.

பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் இருந்த துண்டு மட்டும் வீசியது. செம்மண் அப்பிக் கிடந்த இடம். தேய்த்துக் கழுவிவிட்டு கிளிப்பைத் தளர்த்தி, ஓஸைக் கட்டை விரலால் வளைத்தார்கள். கிளிப் அழுத்திய இடத்தில் வரிவரியாக வெடிப்பு. பாதி டேங்க் இருக்கும்போது அதிகம் தெரியாது. நிரம்பி, திருப்பத்தில் பெட்ரோல் அலம்பும்போது அந்த வெடிப்பு நனையும்.

பழைய ரப்பர் எப்படியும் வெடிக்கும். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதைத் தாங்கும் ரப்பர், பழைய வண்டிகளில் பலவற்றில் கிடையாது. மாற்றும்போது பெட்ரோலுக்கென்றே வரும் ஓஸ்தான் போட வேண்டும். தண்ணீர் டியூப்பை வெட்டிச் செருகினால் சில வாரங்களில் விறைத்துப்போய் மறுபடி அதே கதைதான்.

இன்னொன்று, பங்கில் நாமே செய்வது. துப்பாக்கி தானாக நின்ற பிறகும், "ரவுண்டா போட்டுருங்க" என்கிறோம். அந்தக் கடைசிச் சில்லறைக்கு ஊற்றும் பெட்ரோல் சில வண்டிகளில் மூச்சுக் குழாயில் ஏறி கேனிஸ்டருக்குள் போய்விடும். ஆவி பிடிக்கும் கரி பெட்ரோலில் நனைந்தால் பெரும்பாலும் அதோடு சரி. பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்து, ஐடிலிங்கில் உதறினால் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கழற்றி, கரண்ட் கொடுக்காமல் சுத்தமான ஒரு ஓஸ் துண்டு வைத்து ஊதினால் காற்று போகக் கூடாது. வாயால் உறிஞ்சாதீர்கள்.

கரி என்றதும் இந்தப் பக்கத்தில் ஒரு யோசனை வரும். காங்கேயம் சுற்றி தேங்காய்த் தொட்டிக் கரிக்குப் பஞ்சமில்லை, அதையே நிரப்பினால் என்ன? முதலில், அடுப்புக் கரியும் ஆவி பிடிக்கும் கரியும் ஒன்றல்ல. இரண்டாவது, தொட்டியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனின் துளைகள் மிக நுண்ணியவை. தண்ணீர் சுத்திகரிக்க அருமை, ஆனால் பிடித்த பெட்ரோல் ஆவியை லேசில் விடாது. கேனிஸ்டருக்குப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அதனால் மரத்தூளிலிருந்து செய்யும் கரிதான் அதிகம் போகிறது.

மூடியை மாற்றுகிறவர்கள் வால்வு உள்ள மூடிதானா என்று கேட்டு வாங்குங்கள். வாசம் வரக் கூடாதென்று பாலிதீன் கவர் வைத்து இறுக்கினால் டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் வண்டி பாதி வழியில் திணறும். மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று இழுக்கும்.

பஞ்சர் கடைக் காற்றை டேங்குக்குள் விட்டு சோப்பு நுரை பார்ப்பது பெரிய ஆபத்து. புகை மெஷின் கொடுப்பதே அரை பிஎஸ்ஐ அளவுதான்; கம்ப்ரசரில் நூறைத் தாண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் பட்டறைக் குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குழிக்குள் கைவிளக்கு, பீடி எதுவும் கூடாது. டேங்கில் ஊசி ஓட்டைக்குச் சோப்பைத் தேய்த்துவிட்டு வீடு வந்து சேர்வது அம்பாசடர் காலத்து வித்தை, அன்றைக்கு மட்டும் தாங்கும். காலி டேங்க்தானே என்று வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கிற பதத்தில் கலந்திருக்கும். துரு தின்ற டேங்க் என்றால் பற்று வைப்பதைவிட வேறு டேங்க் தேடுவது நல்லது.

(தொடரும்)