நடுக்கடலில் நின்றது மோட்டார்!

போர்ட் கிள்ளானிலிருந்து கெத்தாம் தீவுக்குப் போகும் வழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் படகு மோட்டார் திடீரென்று நின்றுவிட்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை. விளக்கை அணைத்த மாதிரி அணைந்தது. படகில் சித்தப்பா, அவருடைய எட்டு வயது மகன், நான். துறைமுகத்தை நோக்கி ஒரு கொள்கலன் கப்பல் வந்துகொண்டிருந்தது. நீரோட்டம் எங்களை அந்தப் பக்கமே இழுத்தது.

அவசரமாக நங்கூரம் போட்டோம். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. கரை சேர்வதற்குள் மேலும் இரண்டு முறை நின்றது.

அது இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த, 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். ஒரு பட்டறையில் காட்டினோம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சிடிஐ பெட்டி போச்சு, மாற்ற 700 வெள்ளி ஆகும்" என்றார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பெரிய மாமாவிடம் இதைச் சொன்னேன். ரயில்வேயில் மின்பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா?"

"இல்ல மாமா."

"பார்க்காம எப்படி பெட்டிதான்னு தெரியும்? காசு கொடுக்காதே. சனிக்கிழமை நான் வரேன்."

சொன்னபடி கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. அதில் மல்டிமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்.

இரண்டு தனி மின்சாரம்

"பழைய மோட்டார்ல ரெண்டு தனித்தனி மின்சாரம் இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது" என்று ஆரம்பித்தார் மாமா.

ஒன்று பேட்டரி மின்சாரம். ஸ்டார்ட்டரைச் சுற்றுவதும் விளக்கு எரிப்பதும் அதன் வேலை. இன்னொன்று, மோட்டாரே உண்டாக்கிக்கொள்வது. மேலே சுற்றும் ஃபிளைவீலில் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுருளைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. அதைச் சிடிஐ பெட்டி சேமித்து, சரியான நேரத்தில் காயிலுக்கு விடுகிறது. பிளக்கில் தீப்பொறி வருகிறது. இத்தகைய பழைய மோட்டார்கள் பலவற்றில் தீப்பொறிக்குப் பேட்டரியே தேவையில்லை. அதனால்தான் பேட்டரி செத்தாலும் கயிறு இழுத்து ஓட்ட முடிகிறது.

எனவே முதல் கேள்வி இதுதான்: ஸ்டார்ட்டர் சுற்றவில்லையா? அல்லது சுற்றியும் பற்றவில்லையா? சுற்றவில்லை என்றால் பேட்டரி பக்கம் போக வேண்டும். சுற்றியும் பற்றவில்லை என்றால் தீப்பொறியையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும்.

மீட்டர் சொன்ன கணக்கு

எங்கள் மோட்டார் நன்றாகச் சுற்றியது. ஆனாலும் மாமா பேட்டரியை அளந்தார். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி, எதுவும் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ இணைப்புகளோ பலவீனம். மோட்டார் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். "ஓடும்போது மட்டும் பேட்டரி வயரைக் கழட்டிடாதே, ரெக்டிஃபையர் போயிடும்" என்று எச்சரித்தார்.

எங்கள் பேட்டரி தேறிவிட்டது. ஆனால் எர்த் வயர் மாட்டிய போல்ட்டில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை அது. வயர் மாட்டியிருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் மட்டும் சரியாகப் போகாது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். அதுவும் எங்கள் நோய்க்குக் காரணமில்லை.

"பெட்ரோல் பிரச்சினைன்னா திணறித்தான் நிற்கும். இது எல்லா சிலிண்டரும் ஒரே நொடியில அணைஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு."

பிளக்குகளைக் கழற்றி, சோதனைக் கருவியை மாட்டினார். பிளக் வயரில் பாயும் மின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட். கையால் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் இருக்கக் கூடாது. சித்தப்பா சாவியைத் திருப்ப, நல்ல நீலத் தீப்பொறி வந்தது. மாமா ஒரு மரக்குச்சியால் வயர் கட்டை மெல்ல அசைத்தார். தீப்பொறி மறைந்தது. விட்டார், வந்தது.

நிறுத்தும் வயர்

சாவியைத் திருப்பியோ சிவப்புக் கயிற்றை இழுத்தோ மோட்டாரை நிறுத்தும்போது என்ன நடக்கிறது? சிடிஐ பெட்டியிலிருந்து வரும் ஒரு வயர் எர்த்தைத் தொடுகிறது. தீப்பொறி நின்றுவிடுகிறது. அந்த வயர் தானாகவே எர்த்தைத் தொட்டாலும் இதேதான் நடக்கும்.

மாமா அந்த ஒரு வயரை மட்டும் கழற்றினார். இப்போது எவ்வளவு அசைத்தாலும் தீப்பொறி நிற்கவில்லை. சிடிஐ பெட்டி நன்றாகவே இருந்தது! உலோக ஓட்டை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் மக்கிப்போய், வயரின் உறை தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அலையில் படகு குதிக்கும்போதெல்லாம் அது உலோகத்தைத் தொட்டிருக்கிறது.

"அப்போ அதைக் கழட்டியே விட்டுடலாமே மச்சான்? நல்லாத்தானே இருக்கு" என்றார் சித்தப்பா.

மாமாவின் முகம் மாறியது. "மாப்ளே, அந்தக் கயிறு உங்க உயிரு. ஓட்டிக்கிட்டிருக்கும்போது நீங்க தவறி விழுந்தா, படகுல பையன் மட்டும்தான் இருப்பான். மோட்டாரை யாரு நிறுத்துவா?"

ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வருவதுண்டு. புரொப்பெல்லர் ஆளைப் பார்க்காது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளை வேகமாக ஓட்டுபவர் இத்தகைய கயிற்றையோ அதற்கு ஈடான கருவியையோ அணிய வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம்.

சித்தப்பா மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளீயம் பூசிய செம்பு வயரைப் போட்டு, சூடுபட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயால் இணைப்பை மூடி, புது ரப்பர் வளையம் மாட்டினோம். மொத்தச் செலவு 20 வெள்ளிகூட ஆகவில்லை. மோட்டாரை ஓடவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்தோம். உடனே நின்றது. அன்றைக்குத்தான், மோட்டார் நின்றதற்காக நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

இப்போது கரையை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனை நடக்கிறது. கயிற்றை இழுப்பது சித்தப்பா மகனின் வேலை. அவனை விட்டு வேறு யாரும் இழுத்தால் கோபித்துக்கொள்கிறான்.