ஊசியில்லா ஸ்கேன்: எல்லைக் கிராமத்துக்கு எட்டுமா?

புது தில்லி: சிறுநீரகத்துக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்று எம்.ஆர்.ஐ. கருவியில் பார்க்க, கடோலினியம் கலந்த மருந்தை ரத்தக் குழாயில் ஊசி மூலம் செலுத்துவது வழக்கம். ஆனால், சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கே அந்த ஊசியைப் போடத் தயங்க வேண்டியிருக்கிறது.

ஊசியே இல்லாமல் ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானிகள் 1992-லேயே வெளியிட்டுவிட்டனர். கேரள எல்லையில் உள்ள மீனாட்சிபுரம் போன்ற ஊர்களின் நோயாளிகளுக்கு அதன் பயன் கிட்டுமா என்பது, ஆய்வுக்கூடங்களை விட ஆட்சியாளர்களின் முடிவுகளையே அதிகம் சார்ந்துள்ளது.

எச்சரித்த 2006

கடோலினியம் மருந்து 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோய்க்கும் இம்மருந்துக்கும் தொடர்பு இருப்பது 2006-ல் தெரியவந்தது. மறு ஆண்டே அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, பழைய வகை மருந்துகள் பலவற்றின் அனுமதியை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. இன்று பயன்படும் புதிய வகைகளில் ஆபத்து மிகக் குறைவு. எனினும், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டிய நோயாளிக்கு ஊசியைத் தவிர்ப்பதே நல்லது.

சோதனைச் சாவடி போல

புதிய முறை எளிய தத்துவத்தில் இயங்குகிறது. மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியைக் கடக்கும் லாரிகள் மீது சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, பாலக்காடு நகருக்குள் அத்தகைய லாரிகள் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். அதேபோல, உறுப்பை நோக்கிச் செல்லும் தமனி ரத்தத்தில் உள்ள நீர் மூலக்கூறுகளுக்கு ரேடியோ அலையால் காந்தக் குறி இடப்படுகிறது. ஓரிரு விநாடிகள் கழித்து உறுப்பைப் படம் எடுக்கின்றனர். குறியிடாத படத்தை அதிலிருந்து கழித்தால், வந்து சேர்ந்த ரத்தத்தின் அளவு தெரிந்துவிடும். குறி சில விநாடிகளில் தானே அழிந்துவிடுவதால் உடலில் எதுவும் தங்குவதில்லை.

உடல் எடையில் அரை சதவீதமே உள்ள இரு சிறுநீரகங்களும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகின்றன. எனவே இம்முறைக்கு ஏற்ற உறுப்பு அது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களை மீண்டும் மீண்டும் பரிசோதிக்கவும் இது உதவக்கூடும்.

குறைகளும் உண்டு. இரு படங்களுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நோயாளி மூச்சு விடும்போது உறுப்பு அசைவதால் படம் கலங்கும். எனவே பலமுறை படமெடுத்துச் சராசரி காண வேண்டும். மூளைக்கான பொது நெறிமுறை 2015-ல் வகுக்கப்பட்டது. சிறுநீரகத்துக்கு 2020-ல்தான் வந்தது. மூளைப் பரிசோதனையில் வேரூன்றிய இம்முறை, பிற உறுப்புகளில் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இரு தொகுதிகளுக்கு இடையே

மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டத்தில் தமிழர்கள் பெருமளவில் வாழும் சித்தூர் வட்டாரத்தில் உள்ளது. வாக்குச்சீட்டு ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில்; எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சித் தொகுதி. மருத்துவத்துக்கு ஒருபுறம் பாலக்காடு, திருச்சூர். மறுபுறம் பொள்ளாச்சி, கோவை.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மாநில எல்லை கடந்தும் செல்லும். ஆனால், அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சேர்வதற்கு முந்தைய 3 நாள், வெளியேறிய பிந்தைய 15 நாள் பரிசோதனைச் செலவு மட்டுமே அதில் அடங்கும். புறநோயாளியாக ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டிய சிறுநீரக நோயாளிக்கு அதனால் பயனில்லை.

நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக்கட்டத்தை அடைவதாக 2016 பிப்ரவரி 29-ல் மத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்த அருண் ஜேட்லி தெரிவித்தார். தேசிய டயாலிசிஸ் திட்டமும் அன்றுதான் அறிவிக்கப்பட்டது. டயாலிசிஸ் நிலைக்குத் தள்ளப்படுமுன்பே நோயின் போக்கைக் கண்டறிய, அதற்கு இணையான திட்டம் இல்லை.

உள்நாட்டுக் கருவி

நாட்டின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி 1986-ல் தில்லியில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான இன்மாஸில் நிறுவப்பட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், மத்திய அரசின் சமீர் நிறுவனம் உருவாக்கிய 1.5 டெஸ்லா உள்நாட்டுக் கருவியைப் பரிசோதிக்க, தில்லி எய்ம்ஸுடன் 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்துக்கும் இப்பணியில் பங்குண்டு.

ஊசியில்லா முறைக்குத் தனிக் கருவி தேவையில்லை; தகுந்த மென்பொருளும் பயிற்சி பெற்றோரும் போதும். வெளிநாட்டுக் கருவிகளில் அந்த மென்பொருளுக்குத் தனி விலை கேட்கப்படுவதுண்டு. உள்நாட்டுக் கருவியில் அதைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது அரசின் கையில்தான் உள்ளது.

புறநோயாளி ஸ்கேனைக் காப்பீட்டில் சேர்ப்பது, உள்நாட்டுக் கருவியை மாவட்ட மருத்துவமனை வரை கொண்டு செல்வது ஆகிய இரண்டும் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டியவை. ஆலத்தூர், பொள்ளாச்சி உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அவற்றைச் சேர்ந்தே எழுப்பலாம். அவர்களின் தொகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் கோடு நோய்க்குத் தெரியாது.