ஒரே அளவு, இரு டயர்கள்

மாணவர்களே, அமெரிக்கப் பண்ணையொன்றில் பணிபுரியும் என் பேரன், கரடுமுரடான நிலத்தில் ஓடும் தன் நாற்சக்கர வண்டியின் முன்டயர் ஒன்று கிழிந்துவிட, வேறு கம்பெனியின் டயரை வாங்க எண்ணினான். பழையது மேக்சிஸ் பிக்ஹார்ன், புதியது ஐ.டி.பி. மட் லைட். இரண்டிற்கும் வெளிவிட்டம் 25 அங்குலம், அகலம் 8, வளைய விட்டம் 12. "6 பிளை" என்பதும் பொது. (பிளை இன்று அடுக்குகளின் எண்ணிக்கை அன்று, வலிமையின் குறியீடு. பருத்தி நூல் காலத்தில்தான் இரண்டும் ஒத்திருந்தன.)

ஆயினும் பழையதன் அளவில் "ஆர்" என்னும் எழுத்து உண்டு. ஓரெழுத்து விடுபட்டால் பொருள் கெடும் என்று பல்லாண்டு கற்பித்தவன் நான்! அது ரேடியல், நூல்கள் விளிம்புக்கு விளிம்பு நேர்குறுக்காகச் செல்வதால் பக்கச்சுவர் எளிதில் நெளியும், அடிப்பாகம் நிலத்தில் நன்கு படியும். மற்றதில் நூல்கள் சாய்வாகக் குறுக்கிடுவதால் பக்கச்சுவர் விறைப்பானது. ஒரே அச்சில் இவ்விரண்டும் அமைந்தால் வண்டி ஒருபுறம் இழுக்கும். சரிவில் கவிழவும் கூடும். முன்டயர் இரண்டையும் ஒரே வகையாக மாற்றுமாறு எழுதினேன்.