சர்க்கரை மாத்திரை தரும் கிளினிக்கில் ஃப்ளூ ஊசியும் வேண்டும்

மூன்று நாள் சளிக்கு எதற்கு ஊசி?

திடகாத்திரமானவர்களுக்கு ஃப்ளூ பெரும்பாலும் ஒரு வாரப் படுக்கையோடு போய்விடும், அதை மறுப்பதற்கில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நிமோனியா வரை போகலாம். 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் எச்3என்2 ஃப்ளூ வைரஸுக்குப் பலியானவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்த 82 வயது முதியவர். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை ஃப்ளூ தொடர்பான சுவாசக் கோளாறுகளால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே என்பார்கள். வரலாம். வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளிலேயே, மருத்துவரிடம் ஓடவைக்கும் ஃப்ளூவை அது 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. ஆனால் வந்தாலும் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு குறைகிறது. சர்க்கரைக்காரருக்கு அதுதானே முக்கியம்? ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவரும் என்ற பயம் வீண். இங்கே வழக்கமாகக் கையில் போடுவது செயலிழந்த வைரஸ். ஓரிரு நாள் கைவலி, லேசான காய்ச்சல், அவ்வளவே.

கிளினிக் இருக்கிறது, ஊசி இல்லை

நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இடம்பெறவில்லை. அதனால் பெங்களூரில் பெரும்பாலானோர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துத் தனியாரிடம்தான் போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு அவசியமோ அவர்களுக்கே அது எட்டாத விலை. இத்தனைக்கும் 2022 டிசம்பரில் கர்நாடக அரசு தொடங்கிய ‘நம்ம கிளினிக்’குகளுக்கு பி.பி., சுகர் பார்க்க வருவோர் இவர்கள்தான். கர்ப்பகாலப் பதிவு அட்டையான தாயி கார்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிக்கு நர்ஸ் டி.டி. ஊசி போடுகிறார்; ஃப்ளூ ஊசிக்கும் அதே 2 முதல் 8 டிகிரிக் குளிர்பெட்டி போதும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது, தாய்க்குப் போட்டால்தான் பிள்ளைக்கும் காப்பு. ஆண்டுதோறும் எல்லோருக்கும் போட அரசிடம் பணம் ஏது என்று கேட்பது நியாயமே. எல்லோருக்கும் வேண்டாம், பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவர்களிடமிருந்து தொடங்கலாம். ஹஜ் செல்லும் முதியவர்களுக்கு அரசே இந்த ஊசியைப் போட்டு அனுப்புகிறது. வழி தெரியாத வேலையல்ல.

எப்போது போடுவது?

வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. இங்கே மழைக்காலத்தில் ஃப்ளூ தலைதூக்குகிறது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். எனவே ஏப்ரல், மே மாதங்களே தோது. போடும் முன் அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தென் அரைக்கோளக் கலவையில் ஒற்றை ஆண்டும், வட அரைக்கோளக் கலவையில் இரண்டு ஆண்டுகள் சேர்ந்தும் அச்சிட்டிருக்கும். மழைக்கு முன் போடுபவர் கேட்க வேண்டியது அந்த ஆண்டின் தென் அரைக்கோளக் கலவை.