சிலிண்டரைப் படுக்கப்போட்டு சமைக்கிறீங்களா? ஒரு நிமிஷம்!

கேஸ் தீரப்போற நேரத்துல சிலிண்டரைப் படுக்கவெச்சு, 'இன்னும் ஒரு குக்கர் சோறு வெச்சிடலாம்'னு சமாளிக்கிற ஆளா நீங்க? அப்போ ஸ்கூல்ல படிச்ச திட, திரவ, வாயு பாடத்தை ஒருமுறை ரீவைண்ட் பண்ணியே ஆகணும். ஏன்னா, அந்த மூணும் உங்க கிச்சன் சிலிண்டர்லயே இருக்கு.

திடம்: சிலிண்டரின் இரும்பு உடம்பு. நிமிர்த்தினாலும் படுக்கவைத்தாலும் வடிவமும் மாறாது, கன அளவும் மாறாது.

திரவம்: புது சிலிண்டரை லேசா அசைச்சா 'சளக்'னு கேக்கும்ல? பேருதான் கேஸ், அழுத்தம் காரணமாக உள்ளே பெரும்பகுதி திரவமாகத்தான் இருக்கிறது. திரவத்துக்குச் சொந்தமா ஒரு வடிவம் கிடையாது; இருக்கும் இடத்தின் வடிவத்தை எடுத்துக்கும். கன அளவு மட்டும் அப்படியே இருக்கும். ஆனால், சூடு ஏறினால் கொஞ்சம் விரியும். அதனால்தான் சிலிண்டரை முழுசா நிரப்பாம, மேலே இடம் விடுறாங்க.

வாயு: அந்தக் காலி இடத்தில் இருப்பது இதுதான். இதுக்கு வடிவமும் இல்லை, நிலையான கன அளவும் இல்லை. கிடைக்கிற இடம் முழுக்கப் பரவிடும். அடுப்பைத் திறந்தால் வருவது இந்த வாயுதான்.

இப்போ கணக்கைப் பாருங்க. வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. திரவமாக இருக்கும்போது சுமார் 26 லிட்டர். அதுவே வாயுவானால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். அதாவது, 6,000 லிட்டருக்கும் மேல்!

சிலிண்டரைப் படுக்கவைத்தால், வாயு இருக்கவேண்டிய வால்வு பக்கம் திரவம் வந்துடும். அது டியூப் வழியா அடுப்புக்குப் போய் மளமளனு விரிஞ்சா, தீ குப்புனு எழும்பும். அதனால எப்பவும் நிமிர்த்தியே வைங்க.

லீக் ஆனாலும் இதே கதைதான். கொஞ்சம் திரவம் கசிஞ்சாலே நிறைய வாயு. அது காற்றைவிட கனம் என்பதால் தரையோரமாகத் தேங்கும். இயல்பில் அதுக்கு வாசனையே கிடையாது. நமக்குத் தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைச் சேர்க்கிறாங்க.

அந்த வாடை வந்தா லைட், ஃபேன் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாங்க. வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் பண்ணுங்க. இந்த நம்பரை இப்பவே மொபைல்ல சேவ் பண்ணிடுங்க!